கடலைக் கட்டும் குடிசை

"உங்கப்பா கடலைக் கட்டின நாள்லதான் என் கை போச்சு," என்றான் கஸ்பார்.

வலம்புரி சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதைக் கேக்கவா இவ்வளவு தூரம் மணல்ல நடந்து வந்தீங்க, அண்ணாச்சி?"

"இல்லை. நாளன்னைக்கு முத்துக்குளிப்பு தொடங்குது. என் மகன் இறங்குதான். அவனை நிறுத்தணும்."

"மகன்கிட்டல்ல சொல்லணும்."

"சொன்னேன். கேக்க மாட்டேங்கான்."

"என்கிட்ட சொன்னா?"

"கடலைக் கட்ட மாட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஒருத்தனும் இறங்க மாட்டான்."

அவன் சொன்னது உண்மை.

கடல் அமைதியாகும் மாதங்களில் அந்த வெற்று மணலில் ஓலைக் குடிசைகளால் ஓர் ஊர் முளைக்கும். முத்துக் குளிப்பவர்கள் பல கரைகளிலிருந்தும் வந்து சேருவார்கள். ஒருவனுக்கு ஒரு கல், ஒரு கயிறு, ஒரு மூச்சு. கல்லில் கால் வைத்து இறங்குவான். மூச்சு இருக்கும்வரை சிப்பி பொறுக்குவான். கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவன் இழுப்பான். அவ்வளவுதான் தொழில்.

ஆனால் மந்திரத்தால் சுறாவைக் கட்டுவதாக ஊர் நம்பும் கடல்கட்டி தன் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை யாரும் கல்லில் கால் வைப்பதில்லை. கதவு மூடினால் சுறாவின் வாய் மூடிவிட்டது என்று பொருள். கடைசித் தோணி கரை திரும்பும்வரை உள்ளே இருப்பவர் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது, பேசக் கூடாது, வெளியே வரக் கூடாது.

வலம்புரியின் தாத்தா உள்ளே இருந்தார். பிறகு அப்பா இருந்தார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. பெண் எப்படிக் கடலைக் கட்டுவாள் என்று முதல் வருடம் கரை முணுமுணுத்தது. அந்த வருடம் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். முணுமுணுப்பு நின்றது.

"எங்க தாத்தா ஒரு தடவை மாட்டேன்னு சொன்னார்," என்றாள் வலம்புரி.

"சொல்லி?"

"ரெண்டு நாள் எல்லாரும் கரையில உக்காந்து தோணிப்பாய் தச்சாங்க. மூணாம் நாள் விடியுமுன்னே ஒரு தோணி சத்தமில்லாமப் போச்சு. அதைப் பாத்து அடுத்தது. அதைப் பாத்து மத்தது."

"தாத்தா?"

"தூங்கிட்டிருந்தார். குடிசைக்குள்ள யாருமில்லை."

எத்தனை பேர் திரும்பவில்லை என்று கஸ்பார் கேட்கவில்லை.

அவள் கையிலிருந்த செதிலை வழித்துப் போட்டாள். "அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் மாட்டேன்னு சொன்னதில்லை."

"அப்ப எனக்கு மந்திரத்தைச் சொல்லிக் குடுங்க."

"எதுக்கு?"

"உங்க இடத்துல நான் இருக்கேன். நான் சொல்லுதேன் மாட்டேன்னு. மூணாம் நாளும் சொல்லுதேன், முப்பதாம் நாளும் சொல்லுதேன். பழி என்னோட போகட்டும்."

வலம்புரி இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனைவிட அவள் பதினைந்து வயதாவது இளையவள்.

"மந்திரத்துக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. செய்வீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"இங்க இருக்கிறவங்ககிட்டப் போங்க. ஏன்லே இறங்குதன்னு கேட்டுட்டு வாங்க."

"அதைக் கேக்கணுமா? நானும் இறங்கினவன்தானே."

"அப்பச் சரி. நீங்களே சொல்லுங்க."

கஸ்பாருடைய சட்டையின் வெறும் இடது கை காற்றில் ஒருமுறை எழுந்து விழுந்தது.

"கேட்டுட்டு வாறேன்," என்றான்.

*

தொம்மை உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏன் இறங்குதேனா? என் மாமியா எங்க வீட்டோட வந்துட்டா அண்ணாச்சி. கடலுக்கடியில மட்டுந்தான் அவ குரல் கேக்காது."

அவனுக்குக் கயிறு பிடிப்பவன் பின்னால் நின்றிருந்தான். தொம்மையின் மனைவியுடைய தம்பி.

"அது எங்கம்மா வே," என்றான் அவன்.

"தெரியும் மாப்ளே. அதனாலதான் கயித்தை நல்லாப் புடின்னு தினமும் உன்னைக் கெஞ்சுதேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தான். அது பதிலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சூசை சிப்பிக்கூடையை முடைந்துகொண்டே பேசினான்.

"உப்பளத்துல இருந்தேன். அங்க கண்ணு போகுது. சுண்ணாம்புக் காளவாசல்ல இருந்தேன். அங்க நெஞ்சு போகுது. கொஞ்சங் கொஞ்சமா, நமக்கே தெரியாம. இங்க போனா ஒரேயடியாப் போவேன். போகாட்டி முழுசா வீட்டுக்குப் போவேன்."

கூடையின் வாயை இழுத்து முடிந்தான். "எனக்கு முழுசா இருக்கப் பிடிச்சிருக்கு."

பேசி முடித்த பிறகுதான் கஸ்பாரின் சட்டைக் கையைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"பரவாயில்லைலே," என்றான் கஸ்பார்.

மீரான் கீழக்கரையிலிருந்து வந்தவன். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"தெரியலை காக்கா. கல்லுல கால வைக்கேன். கல்லு போகுது. நானும் போறேன்."

கஸ்பார் நடக்கத் தொடங்கியதும் பின்னாலேயே ஓடி வந்தான்.

"இன்னொண்ணு. சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"கீழ ஒரு பச்சை வெளிச்சம் இருக்குமே. ஊர்ல போய் அதைச் சொல்லிப் பாத்தேன். இலை மாதிரியான்னு கேக்காங்க, கண்ணாடி மாதிரியான்னு கேக்காங்க. எதுவுமில்லை. ஒரு வருஷம் ஆனா எனக்கே சந்தேகம் வந்துருது, அப்படி ஒண்ணு இருந்துச்சான்னு. மறுபடி வந்து பாத்துட்டுப் போவேன்."

கஸ்பார் சிரிக்கவில்லை. அந்தப் பச்சை அவனுக்குத் தெரியும்.

கடைசியில்தான் மகனிடம் போனான். சந்தியாகு கல்லில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன்லே இறங்குத?"

"கை போனதுக்கப்புறமும் நீ ஒரு தடவை இறங்கினியாமே. மாமா சொன்னாவ."

கஸ்பார் கடலைப் பார்த்தான்.

"ஒத்தக் கையோட. யார்கிட்டயும் சொல்லாம. அது எதுக்குப்பா?"

கஸ்பார் கல்லின் கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

"எனக்கும் அதேதான்," என்றான் சந்தியாகு.

*

எல்லாவற்றையும் வலம்புரியிடம் வந்து சொன்னான்.

"இதுல எது பொய்?" என்று கேட்டாள்.

"எதுவும் பொய்யில்லை. தொம்மை சொன்னதுகூட."

"யார்கிட்டயாவது, அப்ப நீ போகாதேலேன்னு சொல்ல முடிஞ்சுதா?"

"இல்லை."

"இன்னொரு தடவை போய்ட்டு வாங்க. பயமா இருக்கான்னு கேளுங்க."

போனான். சீக்கிரமே திரும்பி வந்தான். முகத்தில் கோபம்.

"எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுதான். சொல்லி வச்ச மாதிரி."

"என்ன?"

"'எங்களுக்கு எதுக்குப் பயம்? அதுக்குத்தான் அம்மா இருக்காங்கல்ல.' தொம்மை சொல்லுதான், மீரான் சொல்லுதான், என் மகனும் சொல்லுதான். உங்க மந்திரத்தை நம்பித்தான் இத்தனை பேரும் போய் விழுதான்."

"மந்திரம் இருக்குன்னா சொன்னாங்க?"

கஸ்பார் யோசித்தான்.

"இல்லை. அம்மா இருக்காங்கன்னு சொன்னாங்க."

"நாளன்னைக்கு என்னோட உள்ளே வாங்க," என்றாள் வலம்புரி. "பேசக் கூடாது. கடைசித் தோணி வராமக் கதவைத் தொடக் கூடாது."

*

அன்று விடியலில் அவள் பட்டாளத்துத் தளபதிபோல நடந்து வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். போகிற வழியில் தொம்மையை ஒரு கேலி செய்தாள். பாயைச் சரியாகக் கட்டாத ஒருவனைத் திட்டினாள். குடிசைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளே மணல்தான் தரை. நடுவில் ஒரு பித்தளைப் பாத்திரம். நீரில் இரண்டு சிறிய வெள்ளி மீன்கள். இது எதற்கு என்று முந்தின நாளே கஸ்பார் கேட்டிருந்தான். குளிப்பை மேற்பார்க்கும் அதிகாரிகள் வந்து மந்திரம் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு என்று அவள் சொல்லியிருந்தாள்.

வெளியே தோணிகளைத் தள்ளும் சத்தம். பாட்டு. பிறகு அலை மட்டும்.

கஸ்பார் அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மந்திரம் தொடங்கினால் ஒரு சொல்லையாவது பிடித்துவிடலாம் என்று.

உதடுகள் அசையவில்லை. வெளுத்தன.

பிறகு நெற்றி வியர்த்தது. குங்குமம் மூக்குவரை வழிந்தது. இரண்டு கைகளாலும் மணலை அள்ளிப் பிடித்துக்கொண்டாள். தோள் நடுங்கியது. வெளியே ஒரு கடற்காகம் கத்தியபோது அடிபட்டவள்போலச் சுருண்டாள்.

வெயில் ஏறியது. அவள் மூலைக்குத் தவழ்ந்து போய் வாந்தியெடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லாததால் வெறும் பித்தம்தான் வந்தது. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். மறுபடி நடுங்கினாள்.

கஸ்பார் எழுந்து அவளைப் பிடிக்கப் போனான். அவள் கையை ஓங்கினாள். உட்கார்ந்துவிட்டான்.

கடற்காற்று திரும்பி, ஓலை இடுக்கில் வீசியது. தொலைவில் பாய்கள் படபடத்தன. கடைசித் தோணி மணலில் ஏறும் சத்தம் கேட்டதும் வலம்புரி முகத்தைத் துடைத்தாள். கூந்தலை முடிந்தாள். கதவைத் திறந்து வெளியே போய், வலை காயும் இடத்தில் தோணியை இழுத்தவனைத் திட்டினாள்.

சந்தியாகு சிரித்துக்கொண்டே வந்தான். காதிலிருந்து கொஞ்சம் இரத்தம் வடிந்தது. ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு அது வழக்கம்தான்.

*

"உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டான் கஸ்பார்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"உள்ளே நடுங்கினீங்க."

"ம்."

"பயமா?"

"ம்."

"கடலைக் கட்டுறவங்களுக்கே பயமா?"

அவள் ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தாள்.

"அண்ணாச்சி, பயந்தவன் கீழ எவ்வளவு நேரம் இருக்க முடியும்?"

"இருக்கவே முடியாது. பயம் வந்தா மூச்சு நிக்காது. கையும் காலும் தானா அடிச்சுக்கும். தண்ணியில அடிச்சா அது வந்துரும்."

எது என்று சொல்லவில்லை. அந்தக் கரையில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை.

"உங்க கை போன அன்னைக்கு?"

கஸ்பார் வெற்றுச் சட்டைக் கையைச் சுருட்டினான்.

"அடிச்சேன்."

"ஏன்?"

"தெரியலை. அதுக்கு முன்னால எத்தனையோ தடவை இறங்கியிருக்கேன். பயம்னா என்னன்னே தெரியாது. அன்னைக்குக் கல்லுல கால வச்சதுமே வந்துட்டு. காரணமே கிடையாது. தண்ணி தெளிஞ்சு கிடக்கு. கயிறு நல்ல கயிறு. ஆனா நெஞ்சு கிடந்து அடிக்கு."

இதை அவன் இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் இறந்தும் பல வருடம் ஆகிறது.

"எனக்கு அப்ப ஏழெட்டு வயசு," என்றாள் வலம்புரி. "ஓலை இடுக்கு வழியா உள்ள எட்டிப் பாத்தேன். மத்த நாள்லாம் நடுங்குற எங்கப்பா அன்னைக்கு நல்லாத் தூங்கிட்டிருந்தார். லேசாக் குறட்டை விட்டார்."

கஸ்பார் எழுந்து நீரின் விளிம்புவரை நடந்தான். அங்கேயே நின்றான். திரும்பி வந்தான்.

"அவர் மேல எனக்குக் கோபம் வரணும்."

"வரட்டுமே."

"வரலை."

அவள் அடுப்பை மூட்டினாள்.

"நாளைக்கும் உள்ளே வாறேன்," என்றான் கஸ்பார்.

*

நாட்கள் போயின. அவள் நடுங்குவதைப் பார்த்துப் பார்த்து அவனும் நடுங்கப் பழகினான்.

ஒருநாள் நடுப்பகலுக்கு முன்பே வெளியே கூச்சல் எழுந்தது.

"தோணி ஒண்ணு திரும்பி வருது."

"யாரு தோணி?"

"சந்தியாகு போன தோணி மாதிரில்ல இருக்கு."

கஸ்பார் எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. கை கதவை நோக்கி நீண்டிருந்தது. கணுக்காலில் ஏதோ இறுகியது. வலம்புரி தரையில் கிடந்தபடியே அவன் காலைப் பிடித்திருந்தாள். அவள் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. கண்கள் அவனைப் பார்க்கவில்லை. கடலுக்குள் எங்கோ இருந்தன.

காலை உதறினான். பிடி விடவில்லை.

வெளியே இன்னும் நிறையத் தோணிகள் நீரில் இருந்தன. அவற்றின் கீழே மீரானும் சூசையும் தொம்மையும் இருந்தார்கள்.

கஸ்பார் கதவுக்கு முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சட்டைக் கையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான்.

மாலையில் கதவு திறந்தது. சந்தியாகு கரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கல்லின் கயிறு அறுந்துபோனதாம். வேறு கயிறு எடுக்க வந்தார்களாம். எடுத்துக்கொண்டு உடனே திரும்பிப் போய்விட்டார்களாம்.

"உனக்கு என்னாச்சு யப்பா?" என்றான் மகன். "மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்லை. கஞ்சியக் குடி."

"சட்டை என்ன இப்படி நனைஞ்சிருக்கு?"

"குடிலே."

*

அதன் பிறகு சில நாட்கள் கழித்துத்தான் கஸ்பார் அதைக் கவனித்தான்.

வலம்புரியின் நெற்றியில் குங்குமம் வைத்த இடத்திலேயே இருந்தது. கைகள் மடியில் சும்மா கிடந்தன. கடற்காகம் கத்தியது. அவள் அசையவில்லை. அவளுடைய தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

கஸ்பார் இருமினான். அவள் விழித்தாள். சற்று நேரத்தில் மறுபடி சாய்ந்தாள். மறுபடி இருமினான். அன்று முழுவதும் இருமிக்கொண்டே இருந்தான்.

எல்லாத் தோணிகளும் வந்தன. ஒருவனுக்கு மட்டும் தொடையில் ஏதோ உரசிய காயம். பாறையாக இருக்கும் என்றார்கள்.

"கண்ணு சொக்கிட்டு," என்றாள் வலம்புரி, அவன் கேட்பதற்கு முன்பே.

"இன்னைக்கு மட்டுந்தானே?"

"ஒரு வாரமாவே பயம் குறைஞ்சுட்டு வருது. இன்னைக்குச் சுத்தமா வரலை. வா வான்னு கூப்பிட்டுப் பாத்தேன். கடல்ல போனவங்களை எல்லாம் நினைச்சுப் பாத்தேன். வரலை அண்ணாச்சி."

முதல்முறையாக அவள் முகத்தில் களைப்பைப் பார்த்தான். வெகுதூரம் நடந்து வந்து, வீடு பூட்டியிருக்கக் கண்டவளின் முகம்.

"நாளைக்கு எல்லாரையும் நிறுத்துங்க," என்றான் கஸ்பார்.

"நிறுத்தினா?"

அவனுக்கு அந்தக் கதை தெரியும். பாய் தைக்கும் இரண்டு நாள். சத்தமில்லாமல் போகும் முதல் தோணி.

"எதுக்கு வந்தீங்க என்கிட்ட?" என்று கேட்டாள்.

"மாட்டேன்னு சொல்ல."

"நாளைக்கு அந்தக் கதவு முன்னால நிக்கப்போறது நீங்க. கட்டுறேன்னும் சொல்லலாம். மாட்டேன்னும் சொல்லலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கேட்டு வந்தது கையில் கிடைத்துவிட்டது. கஸ்பார் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல உட்கார்ந்திருந்தான்.

*

விடியலில் தோணிகள் வரிசையாக நின்றன.

கதவுக்கு முன்னால் கஸ்பார் நின்றான். வலம்புரி தள்ளி, கரையோரப் பெண்களோடு நின்றாள். நெற்றியில் குங்குமம் இல்லை. என்னவோ ஏதோ என்று பேச்சு ஒரு தோணியிலிருந்து அடுத்த தோணிக்குப் போனது.

சொல்ல வேண்டிய வார்த்தை கஸ்பாரின் நாக்கு நுனியில் இருந்தது.

அப்போதுதான் மகனைப் பார்த்தான். சந்தியாகு இடுப்பில் கயிற்றை முடிந்தான். அவிழ்த்தான். மறுபடி முடிந்தான். மறுபடி அவிழ்த்தான்.

பக்கத்துத் தோணியில் மீரான் உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தான். சூசை எங்கும் பார்க்காமல் நின்றான். தொம்மை பேசவில்லை. தொம்மை பேசாத விடியலை அந்தக் கரை பார்த்ததே இல்லை.

கஸ்பாருக்குப் புரிந்தது. குடிசையை விட்ட பயம் கரைக்கு வந்துவிட்டது. தோணி தோணியாக நடந்துகொண்டிருக்கிறது, யாரோடு ஏறலாம் என்று பார்த்தபடி.

சந்தியாகு மணலில் நடந்து அவன் அருகே வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நீ மாட்டேன்னு சொல்லத்தான் நிக்க. எனக்குத் தெரியும்."

"ஆமா."

"சொல்லு அப்ப. எல்லாரும் காத்துக் கிடக்காங்க."

"சொன்னா நிப்பியா?"

சந்தியாகு பொய் சொல்லத் தெரியாத பையன்.

"இன்னைக்கு நிப்பேன்," என்றான்.

அலை ஒன்று வந்து அவர்கள் காலடிக்குச் சற்று முன்பாகவே நின்று திரும்பியது.

"எத்தனை தடவைலே அந்த முடிச்சைப் போடுவ?"

சந்தியாகு தன் இடுப்பைக் குனிந்து பார்த்தான். "இன்னைக்கு என்னமோ ஒரு மாதிரி இருக்குப்பா. தூக்கம் சரியில்லையோ என்னவோ."

கஸ்பார் மகனுடைய இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இருக்கிற ஒரு கையால் முடிச்சைப் போட்டான். இழுத்துப் பார்த்தான்.

"போ," என்றான்.

"அம்மா உள்ளே போகலையே?"

"நான் போறேன்."

சொன்னது அடுத்த தோணிக்குக் கேட்டது. அங்கிருந்து எல்லாத் தோணிக்கும் போனது.

"யாரு, கஸ்பார் அண்ணாச்சியா?" என்று தொம்மை தோணியிலிருந்து கேட்டான். "நண்டு ஊர்ந்தாலே வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடுற ஆளாச்சே."

யாரோ சிரித்தார்கள்.

"நேத்துகூட கஞ்சிச் சட்டி உருண்டதுக்குக் கத்தினாவ," என்றான் தொம்மையின் மைத்துனன்.

இன்னும் பலர் சிரித்தார்கள்.

"சிரிங்கலே," என்றான் கஸ்பார். அவன் குரல் எல்லாத் தோணிக்கும் கேட்கும்படி இருந்தது. "என்னைவிடப் பயந்தாங்கொள்ளி ஒருத்தன் இந்தக் கரையில இருந்தா இறங்கி வரட்டும். அவனை உள்ளே அனுப்புதேன்."

யாரும் இறங்கவில்லை.

சிரிப்பு கரை முழுக்க ஓடியது. அது கேலிச் சிரிப்பாகத்தான் தொடங்கியது. ஓட ஓட வேறு மாதிரி ஆனது. சூசையின் தோள்கள் இறங்கின. மீரான் கையைத் துடைப்பதை நிறுத்தினான்.

"அப்பச் சரி," என்றான் தொம்மை. "நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்காங்க. தள்ளுங்கலே."

சந்தியாகு தகப்பனின் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு ஓடிப் போய்த் தோணியில் ஏறினான். இடுப்பு முடிச்சை அவன் தொடவில்லை.

*

கஸ்பார் உள்ளே மணலில் உட்கார்ந்தான்.

வெளியே தோணிகள் நீரில் இறங்கின. பாட்டு தொடங்கியது. தொம்மையின் குரல் எல்லாருக்கும் மேலாகக் கேட்டது. அது மெல்ல மெல்லத் தேய்ந்து, அலை மட்டும் மிஞ்சியது.

வலம்புரி வாசலில் நின்றாள். கை கதவில் இருந்தது.

"அம்மா."

"ம்."

"இப்பவாவது அந்த ம... மந்திரத்தை..."

அவன் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. கேள்வி முடியவில்லை. மறுபடி முயன்றான். தாடை நிற்கவில்லை. கையால் தாடையைப் பிடித்தான். கையும் நிற்கவில்லை.

"அதைத்தானே சொல்லிட்டிருக்கீங்க, அண்ணாச்சி," என்றாள் வலம்புரி.

வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.